ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு குளம்

கேரளாவில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 'ட்ரை டே' என்றால் எங்களுக்கு ஒன்றாம் தேதிதான், அரசு மதுக்கடையான பெவ்கோ பூட்டியிருக்கும். இப்போது வாராவாரம் இன்னொன்று. வெள்ளி பள்ளிக்கூடம், சனி ஆபீஸ், ஞாயிறு வீடு. தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டும், கொசு ஒழிக்க.

நேற்று வார்டு சுகாதாரக் கமிட்டியிலிருந்து வந்தார்கள். மெம்பர், ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சி, ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாம் கவிழ்த்து வைத்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. சேச்சி நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க."

தண்ணீர் வடிகிற தட்டில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும், அதனால்தான் இந்த வாரக் கணக்கு. முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்குமாம். அதனால் கொட்டினால் மட்டும் ஆகாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது எனக்கு நிஜமாகவே புதுசு. அப்புறம், அது கடிப்பது பகலில். நான் சுருள் கொளுத்துவதோ ராத்திரி.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "கொசுவத்திக்குக் காசு அழறதும் நீ, கொசு வளர்க்கிறதும் நீயா?"