கனடா மாணவர் வீசா: மறுக்கப்பட்ட விண்ணப்பமும் கிடைத்த விண்ணப்பமும்

2024 இல் என்னுடைய கனடா மாணவர் வீசா விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2025 இல் அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே பாடத்துக்கு, அதே காசை வைத்து மறுபடி போட்டேன். கிடைத்தது. இடையில் மாறியது கடதாசிகள் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து விண்ணப்பிக்கத் தயாராகிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு அந்த மாற்றத்தைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நான் படித்தது விவசாயம், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில். மண்ணும் நீரும் சார்ந்த முதுமாணிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்று, வீசாவே வந்துவிட்ட மாதிரி வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஒரு ஏஜென்சியில் வேலையைக் கொடுத்தோம். படிவத்தை அவர்கள் நிரப்பினார்கள், விளக்கக் கடிதத்தையும் அவர்களே எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். ஏழெட்டுக் கிழமையில் பதில் வந்தது. காசு விடயத்தில் திருப்தி இல்லை, படிப்பு முடிய நாடு திரும்புவார் என்ற நம்பிக்கையும் இல்லை. இவ்வளவுதான் அதில் இருந்தது.

இந்த இரண்டு வரியை வைத்து எதையும் திருத்தமுடியாது. உடனே மறுபடி போடச் சொல்லி ஏஜென்சியில் அவசரப்படுத்தினார்கள். நல்லகாலம், அப்பா மறித்துவிட்டார். அதிகாரி கோப்புக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எடுக்கலாம். ஆனால் கோரிக்கையைக் கனடாப் பிரஜையோ, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரோ, அந்த நேரம் கனடாவில் இருக்கிற ஒருவரோதான் போடவேண்டும். ஸ்காபரோவில் இருக்கும் மாமா என்னுடைய சம்மதப் படிவத்தை இணைத்துப் போட்டார். கட்டணம் 5 டொலர். 2025 ஜூலைக் கடைசியில் இருந்து மறுப்புக் கடிதத்தோடேயே அதிகாரியின் குறிப்பையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு மறுப்பு வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். அதை வாசிக்காமல் இரண்டாம் தடவை போடவேண்டாம்.

குறிப்பில் இருந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். தகப்பனின் கணக்கில் அண்மையில் பெரிய தொகை ஒன்று விழுந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று காட்டப்படவில்லை. படிப்புத் திட்டம் பொதுவானது, இந்த மாணவருக்கு இந்தப் பாடம் ஏன் என்று விளங்கவில்லை. வாசித்தபோது கோபம் வரவில்லை. அந்தக் கோப்பை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முதலில் காசு. எங்களுடைய ஊரில் காசு வங்கிக் கணக்கில் மட்டும் இருப்பதில்லை. கொஞ்சம் நகையில், கொஞ்சம் சீட்டில், கொஞ்சம் காணியில், கொஞ்சம் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் கையில் இருக்கும். தேவை வந்ததும் எல்லாப் பக்கத்தாலும் ஒரே மாதத்தில் கணக்குக்கு வந்து சேரும். நமக்கு அது இயல்பு. பார்க்கிற அதிகாரிக்கோ, வருடம் முழுக்கச் சில இலட்சம் இருந்த கணக்கில் திடீரென்று ஒரு மலை எழும்பின மாதிரி இருக்கும். கனடா கேட்பது கடைசி நான்கு மாத வங்கிக் கூற்று. அந்த நான்கு மாதத்துக்குள் வந்த ஒவ்வொரு பெரிய தொகைக்கும் பக்கத்தில் ஒரு கடதாசி நிற்கவேண்டும்.

இரண்டாம் தடவை நாங்கள் செய்தது இதுதான். மாமா தந்த காசுக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார்: நான் யார், இவருக்கு என்ன முறை, எவ்வளவு தருகிறேன், திருப்பிக் கேட்கமாட்டேன். அதோடு அவருடைய வேலைக் கடிதம், வருமானவரி மதிப்பீடு, காசு புறப்பட்ட அவருடைய வங்கிக் கணக்கின் கூற்று. அந்தப் பக்கம் புறப்பட்ட திகதியும் இந்தப் பக்கம் விழுந்த திகதியும் பொருந்துவதைப் பென்சிலால் குறித்துப் பார்த்தோம். அம்மா நகை விற்ற கடைச் சிட்டை, அப்பாவின் நிலையான வைப்பு முதிர்ந்த கடிதம், ஓய்வூதியப் பத்திரம் எல்லாம் அதே ஒழுங்கில் பின்னால் போனது. தோட்டக் காணியின் உறுதியையும் மதிப்பீட்டு அறிக்கையையும் வைத்தோம். ஆனால் காணியைக் காசாகக் கணக்கில் சேர்க்கவில்லை, ஊரில் எனக்கு வேர் இருக்கிறது என்று காட்டத்தான் வைத்தோம். ஏஜென்சி முதல் தடவை காணி மதிப்பையும் மொத்தத்தில் கூட்டிவிட்டிருந்தது.

தொகை எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. அதற்கு மேல் ஒருவர் வாழ்வதற்கு என்று நான் விண்ணப்பித்த நேரம் 20,635 கனேடிய டொலர் காட்டவேண்டும். 2025 செப்டெம்பர் 1 இல் இருந்து அது 22,895 ஆகிவிட்டது. 2023 வரை வெறும் 10,000 தான். ஆகவே மூன்று வருடம் முதல் போன அண்ணாவிடம் கேட்டுக் காசு சேர்க்காதீர்கள், அவர் பொய் சொல்லவில்லை, விதிதான் மாறிவிட்டது. படிக்கப்போகும் கனடா மாகாணத்தின் அரசு தரும் மாகாண உறுதிக் கடிதமும் இப்படித்தான். 2024 இல் முதுமாணி மாணவருக்கு அது தேவையில்லை, நான் 2025 இல் மறுபடி போடும்போது தேவைப்பட்டது, 2026 ஜனவரி 1 இல் இருந்து அரச கல்வி நிறுவனங்களில் முதுமாணி படிப்பவருக்கு மறுபடி தேவையில்லை. விண்ணப்பம் அனுப்புகிற அன்று காலையும் கனடாக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது விளக்கக் கடிதம், அதிகாரியின் குறிப்பு படிப்புத் திட்டம் என்று சொன்னது இதைத்தான். என் மனதை அதிகம் உறுத்தியது இதுதான். ஏஜென்சி எழுதிய கடிதத்தைப் பிறகு நிதானமாக வாசித்தேன். கனடா அழகான நாடு, பல்கலைக்கழகம் உலகத்தரம், படித்துவிட்டு நாட்டுக்குச் சேவை செய்வேன். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இரண்டாம் கடிதத்தை நானே எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் நின்றபோதுதான், நான் இந்தப் பாடத்தை ஏன் எடுத்தேன் என்பது அந்தக் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று பட்டது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, வழுக்கியாறும் மழைகாலத்தோடு சரி. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணீரைத்தான். தோட்டத்தில் போடும் பசளையின் நைதரேற்று அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியாக அதே தண்ணீருக்குள் இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அப்பாவின் வெங்காயத் தோட்டமும் நாங்கள் குடிக்கிற கிணறும் இருபது பாக இடைவெளியில் இருக்கின்றன. என் இளமாணி ஆய்வு இதைப் பற்றியது. முதுமாணியில் எந்தப் பாட அலகு எனக்கு எதற்கு வேண்டும், அது ஏன் இங்கே இல்லை, திரும்பி வந்தால் எந்தெந்தத் திணைக்களங்களில் எனக்கு வேலை இருக்கும் என்று எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஆங்கிலம் பெரிதாக இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் என்னுடையது. உங்களுக்கும் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். கணக்கியல் படிக்கப் போகிறவருக்கு அது மாமியின் கடைக் கொப்பியாக இருக்கலாம். தேடி எடுங்கள்.

முதல் மறுப்பைப் பற்றிப் படிவம் நேராகவே கேட்கும். கனடா மட்டுமில்லை, எந்த நாடு மறுத்திருந்தாலும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் அவரிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். பொய்த் தகவல் என்று முடிவெடுத்தால் ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையமுடியாது. போலி வங்கிக் கடிதத்துக்கும் அதே தண்டனைதான், தண்டனை விழுவது ஏஜென்சி மேல் இல்லை, உங்கள் மேல். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கிறவர் உரிமம் உள்ள ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்கவேண்டும், அவருடைய பெயரைப் பிரதிநிதிப் படிவத்தில் காட்டவேண்டும். என் ஏஜென்சி அந்தப் படிவத்தைப் போடவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெயர் விடயத்தை முன்கூட்டியே பாருங்கள். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. பிறப்புப் பத்திரம் தமிழில், உயர்தரச் சான்றிதழ் ஆங்கிலத்தில், கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல். எனக்கு ஒன்றில் ‘ரி’, இன்னொன்றில் ‘ரி எச்’. இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்தேன். தமிழில் உள்ள உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். மூலப் பிரதியையும் மொழிபெயர்ப்பையும் ஒரே கோப்பாகச் சேர்த்து ஏற்றுங்கள். கொமினிகேஷன் கடையில் ஸ்கான் பண்ணும்போது கோப்பு 4 எம்பிக்குள் நிற்கட்டும், எழுத்து மங்காமலும் இருக்கட்டும்.

கட்டணம் 150 டொலர், கைரேகைக்கு 85. முதல் தடவை கைரேகைக்காக இரவு பஸ்ஸில் கொழும்பு போய், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு போனேன். அது பத்து வருடத்துக்குச் செல்லும் என்பதால் இரண்டாம் தடவை திரும்பக் கொடுக்கவேண்டி வரவில்லை. மருத்துவப் பரிசோதனை மட்டும் கனடா அனுமதித்த வைத்தியரிடம்தான், அது பன்னிரண்டு மாதம் செல்லும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கிற மாதிரி நாள் எடுத்தால் ஒரு பஸ் காசும் ஒரு நித்திரையும் மிச்சம்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதும் வரும் சம்மதக் கடிதம் படிப்பு அனுமதி இல்லை. அனுமதியை விமான நிலையத்தில்தான் அச்சடித்துத் தருவார்கள். எல்லாக் கடதாசியையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போடவேண்டாம். ரொறன்ரோவில் அதிகாரி என்னிடம் என்ன படிக்கப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றேன், தலையாட்டிவிட்டு அச்சடித்தார். தந்த தாளில் பெயர், முடிவுத் திகதி, வகுப்புக் காலத்தில் வாரம் 24 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் கவுண்டரில் நின்றே வாசியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தித் தருவார்கள், வெளியே வந்துவிட்டால் மாதக்கணக்கு.