வில் எங்கே?

வயலின் வகுப்பு முடிந்து வந்த அண்ணன் மகள் கைபேசியை நீட்டினாள். “சித்தப்பா, இதைப் பாருங்கள்.”

அமெரிக்க வயலின் கலைஞர் லிண்ட்சி ஸ்டெர்லிங்கின் ‘கிறிஸ்டலைஸ்’ இசைக் காணொளி, 2012. கொலராடோவின் பனிக்கோட்டைக்குள் வாசித்தபடியே ஆடுகிறார். கேமரா அவரைச் சுற்றி வழுக்கிச் செல்கிறது.

அழகுதான். ஆனால் காட்சி வெட்டுகள் தாளத்துக்கு விழுகின்றன, வயலினை வாசிக்கும் வில்லின் அசைவுக்கு அல்ல.

பதிலுக்கு இன்னொரு வயலின் கலைஞரான ஹிலரி ஹானைக் காட்டினேன். 2017இல் இன்ஸ்டாகிராமில் அவர் தொடங்கிய 100 நாள் பயிற்சிக் காணொளிகள். அசையாத கேமரா. ஒப்பனை, மேடை எதுவும் இல்லை. வில் நுனியை நெருங்கும்போது வலது கை முழுதாக நீள்வதும், திரும்பும் கணத்தில் மணிக்கட்டு வளைவதும் தெளிவாகத் தெரிகின்றன. கற்பவருக்கு வேறென்ன வேண்டும்?

இசைக் காணொளி இயக்குநர்களே, ஒருமுறையாவது எட்டு வில்வீச்சுகளை வெட்டாமல் காட்டுங்கள். அதற்குள் பனிக்கோட்டை உருகிவிடாது.