மாருதி 800-க்குப் பேட்டரி மாற்றிய கதை

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2008 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. இந்த வண்டியின் தயாரிப்பையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன். வாரம் ஒருமுறை பொள்ளாச்சிச் சந்தைக்கு மட்டும்தான் வண்டியை எடுப்பேன்.

போன ஆடியில் ஒரு நாள் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே, பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். பணத்தோடு கிளம்பியவனைப் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் நிறுத்தினார். “பானெட்டைத் திற தம்பி, முதல்ல பாத்துருவோம்.”

பாசிட்டிவ் டெர்மினலில் தென்னைக்கு அடிக்கிற மயில்துத்தம் போல நீலமும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவைக் கழற்றினார். அது மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. வெந்நீரில் சோடா உப்பு கரைத்து ஊற்றியதும் நுரை பொங்கியது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, மாட்டி, மேலே வாசலின் தடவினார். சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது! என்ஜின் ஓடும்போது மீட்டரில் 14.1 வோல்ட். அப்படியென்றால் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருக்கிறது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பேட்டரி மூடிகளைத் திறந்து பார்ப்பேன். உள்ளே இருக்கும் பிளேட் வெளியே தெரியும்முன் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவேன். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு.

பங்குனியில் பேட்டரி உண்மையாகவே போனது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்தபோது 12.5 வோல்ட், மறுநாள் காலையில் 11.8. சார்ஜ் நிற்கவில்லை. செல்ஃப் அடித்தால் எட்டுக்கு இறங்கியது. சரி, இனி இழுக்க முடியாது.

புதிதும் பழையதைப் போல 35 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுதான். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மாறினால் கேபிள் எட்டாது. பழையதைக் கொடுத்ததற்கு விலையில் கழித்துக்கொண்டார்கள். பேட்டரி உட்காரும் தட்டு ஆசிட் பட்டுத் துருப்பிடித்திருந்தது. அதைச் சுரண்டி பெயின்ட் அடித்துக் காயவிட்ட பிறகே புதியதை வைத்து, அசையாதபடி கிளாம்ப்பை இறுக்கினோம்.

இப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஊரில் இல்லையென்றால், சார்ஜ் இறங்காமலிருக்க நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.