மெண்டோசினோ கடற்கரையில் வீடு கட்ட அனுமதி வாங்கியது

கலிஃபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் இடம் வாங்கி வீடு கட்டலாம் என்று நினைக்கிறவர்கள், ஆர்க்கிடெக்டைத் தேடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். மெண்டோசினோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எங்கள் அனுமதி எப்போது வரும் என்பதை மழையும் வெயிலும் பூப்பூக்கும் பருவமும்தான் முடிவு செய்தன. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இடத்தைக் காட்டிய முகவர், "ஆறே மாதத்தில் பெர்மிட் கைக்கு வந்துவிடும்" என்றுதான் சொன்னார்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே மூன்று, மூன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஊர்ப்பக்கம் இது. கவுண்டி முழுவதற்கும் சுமார் 90,000 பேர்தான். ஃபோர்ட் பிராக் போன்ற சில ஊர்களை விட்டால் பாதாளச் சாக்கடை கிடையாது. தண்ணீருக்கு அவரவர் போர்வெல், கழிவுக்கு அவரவர் செப்டிக். கவுண்டியின் தலைநகர் யூக்கியா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கடற்கரைக்காரர்களுக்காகத் திட்டமிடல் துறை அலுவலகம் ஒன்று ஃபோர்ட் பிராக்கிலேயே உண்டு. எங்கள் இடம், கடலோரமாகப் போகும் ஹைவே 1-க்கு மேற்கே, சில ஏக்கர். கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும்.

இங்கே இரண்டு அனுமதிகள் வேண்டும். வீட்டின் உறுதியைப் பார்க்கும் வழக்கமான கட்டட அனுமதி பிந்தியது. அதற்கு முன்னால், அந்த இடத்தில் வீடு வரலாமா என்று பார்க்கும் கடற்கரை மேம்பாட்டு அனுமதி. எல்லோரும் சிடிபி என்றுதான் சொல்வார்கள். 1972-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்திலும், அதைத் தொடர்ந்து வந்த 1976-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே, சோனோமா கவுண்டியில், சீ ராஞ்ச் என்ற குடியிருப்பு ஏறக்குறைய பத்து மைல் கடற்கரையைத் தன்வசம் வைத்துக்கொள்ளப் பார்த்தபோது, கடலுக்கு இறங்கப் பொதுமக்களுக்கு வழியில்லையே என்று எழுந்த எதிர்ப்பும் அந்த வாக்கெடுப்புக்கு ஒரு காரணம். இதைப் படித்த பிறகு, இந்த அனுமதியைத் தொல்லை என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று நாங்கள் நடக்கப் போகிற கடற்கரையும் அப்படிக் காப்பாற்றப்பட்டதுதான்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அலுவலகத்தில் பேச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டோம். இதை எல்லோரும் செய்யுங்கள். கவுன்டரில் இருந்த அம்மாள் எங்கள் மனை வரைபடத்தை விரித்து, பென்சிலும் காம்பஸும் எடுத்தார். போர்வெல்லைச் சுற்றி 100 அடிக்கு ஒரு வட்டம்: அதற்குள் கழிவுநீர் இறங்கும் நிலம் வரக்கூடாது. அந்த நிலத்துக்கு ஒரு கட்டம். அது என்றாவது அடைத்துக்கொண்டால் மாற்றாக அதே அளவில் காலியாக விடவேண்டிய இடத்துக்கு இன்னொரு கட்டம். தீப் பாதுகாப்புக்காக எல்லையிலிருந்து 30 அடி உள்ளே ஒரு கோடு. கடைசியாக மரங்கள் இருந்த மேற்கு ஓரத்தைத் தட்டி, "இங்கே என்ன முளைத்திருக்கிறது என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். வட்டமும் கோடும் படாமல் மிஞ்சிய வெள்ளைத் தாள்தான் எங்கள் வீட்டுக்கு. என் கணவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதன்பின் ஆர்க்கிடெக்ட் வரைந்த எல்லாம் அந்தப் படத்திலிருந்து தொடங்கியவைதான்.

முதலில் வந்தது தாவர ஆய்வு. அரிய செடிகளைப் பூக்கும் காலத்தில்தான் அடையாளம் காண முடியும் என்பதால் தாவரவியலாளர் வசந்தத்திலிருந்து கோடை வரை பல தடவை வந்து பார்ப்பார். நீங்கள் ஆகஸ்டு கடைசியில் கூப்பிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். எங்களுக்கு வந்தவர் வயதானவர். முழங்கால் போட்டு, இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார். பிஷப் பைன் மரங்களின் ஓரத்தில், ஈரமான ஒரு பள்ளத்தில், கோஸ்ட் லில்லி என்ற அரிய கடற்கரை லில்லிச் செடி இருந்தது. செம்மஞ்சள் நிறம், உள்ளே கருஞ்சிவப்புப் புள்ளிகள், தலைகவிழ்ந்த பூ. இந்தக் கடற்கரையை விட்டால் வேறெங்கும் அநேகமாகக் கிடையாது. பூக்காத செடி வெறும் இலைக்கொத்தாகத்தான் தெரியும். பக்கத்தில் இன்னும் சில நின்றதை அவர் காட்டிய பிறகுதான் எங்கள் கண்ணுக்குப் பட்டது. ஒவ்வொன்றுக்கும் சின்னக் கொடி நட்டார். அதிலிருந்து 100 அடிக்குள் கட்டக்கூடாது. மாநில வனவிலங்குத் துறையோடு கலந்து பேசி, ஒப்புக்கொண்டால் 50 அடி வரை குறைக்கலாம். நாங்கள் குறைக்கக் கேட்கவில்லை. வீட்டைக் கிழக்கே தள்ளினோம். சமையலறை ஜன்னலிலிருந்து மரக்கூட்டம் தெரியும் என்று போட்ட கணக்கு போனது. போகட்டும்.

இந்தப் பக்கம் இடம் பார்க்கிறவர்கள் பிக்மி காட்டைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்மண்ணுக்குக் கீழே இரும்பேறி இறுகிய தளம். வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. நூறு வருஷ சைப்ரஸ் மரம் ஆள் உயரத்தில் நிற்கும். அதிசயமான இடம். ஆனால் அங்கே செப்டிக் தேறுவதும் கஷ்டம், வெட்ட அனுமதி கிடைப்பதும் கஷ்டம். விலை மலிவாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

குளிர்கால மழையில் செப்டிக் சோதனை. குழிகள் தோண்டி மண் அடுக்குகளைப் பார்த்தார்கள். ஊறவைத்த குழியில் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று அளந்தார்கள். நிலத்தடி நீர் மேலே ஏறிவரும் மனை என்று சந்தேகம் இருந்தால், மழைக்காலம் நெடுகக் குழாய் இறக்கி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். கிணற்றுச் சோதனை இதற்கு நேர் எதிர்: கோடை முடிந்து முதல் மழைக்கு முன், தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது, மணிக்கணக்காகப் பம்பை ஓடவிட்டு நிமிடத்துக்கு எத்தனை கேலன் வருகிறது என்று பார்ப்பார்கள். இப்படியே ஒரு வருஷம் சுற்றி வந்துவிடும்.

பிறகு போமோ பழங்குடி மக்களின் தொல்லியல் தடயங்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். இதற்கான பதிவேடுகள் சோனோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எங்கள் இடத்தில் எதுவும் இல்லை. தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அதைச் சுற்றி 100 அடிக்குள் வேலையை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வந்தது.

செலவில் எங்களை அசரவைத்தது வீட்டுக்குப் போகும் பாதைதான். தீயணைப்பு வண்டி வந்து திரும்ப வேண்டும். 10 அடி அகலம், மேலே வண்டியில் இடிக்கிற மாதிரி கிளை இல்லாமல், 150 அடிக்கு மேல் நீளமென்றால் நடுவில் ஒதுங்க இடம், 300 அடியைத் தாண்டினால் வீட்டருகே வண்டி திரும்ப இடம். ஜல்லிக்கும் மண் வேலைக்கும் ஆகும் பணத்தை முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.

ஹைவேக்கு மேற்கே, இயற்கைக் காட்சிப் பகுதி என்று குறித்த இடங்களில் ஒரே தளம்தான், 18 அடி உயரம். வெளிச்சுவருக்கு மண் நிறம், வெளி விளக்குகள் கீழ்நோக்கி. கூரை எங்கே வரும் என்று தெரிய, மனையில் கம்பங்கள் நட்டு ஆரஞ்சு நாடா கட்டச் சொன்னார்கள். அறிவிப்புப் பலகையும் வைத்தோம். 300 அடிக்குள் நிலம் வைத்திருக்கிறவர்களுக்குக் கடிதம் போகும். அது போவதற்கு முன்பே நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். பக்கத்து மனைப் பெரியவர் நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விளக்கை மட்டும் கீழே பார்க்க வையுங்கள், எனக்கு நட்சத்திரம் தெரிய வேண்டும்" என்றார். கவுண்டி எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்ட பொது விசாரணைக்கும் அவர் வந்து, எங்களுக்கு ஆதரவாகவே பேசினார்.

கவுண்டி ஒப்புதல் கொடுத்த பிறகும் உடனே மண்வெட்டியைத் தூக்க முடியாது. கடலுக்கும் முதல் பொதுச் சாலைக்கும் இடைப்பட்ட மனை என்பதால், மாநிலக் கடற்கரை ஆணையத்துக்கு யாரும் மேல்முறையீடு செய்ய பத்து வேலை நாள் அவகாசம் உண்டு. அது ஓடி முடிந்த அப்புறம்தான் கட்டட அனுமதி. அதில் தீ அணைக்கும் தெளிப்பான், கூரையில் சோலார், தீப்பொறி புகாத காற்றுத் துளைகள் எல்லாம் கட்டாயம். நல்ல எஞ்சினியர் இருந்தால் பிரச்சினையே இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மண் சோதனையும் தண்ணீர்ச் சோதனையும் தேறினால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு மழைக்காலமாவது உள்ளே வருகிற மாதிரி அவகாசம் கேளுங்கள். மனை எண்ணைக் கொடுத்தால், அந்த இடத்தில் முன்பு யாராவது செப்டிக்குக்கோ கிணற்றுக்கோ விண்ணப்பித்த கோப்பு இருக்கிறதா என்று கவுண்டியில் பார்த்துச் சொல்வார்கள். இடத்தைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.