குஞ்சத்துக்குத் தைத்த ரவிக்கை

2023 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். நள்ளிரவு தாண்டியும் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் இயந்திரத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் ஏதோ கிடந்தது. லைனிங் துணியின் பிசிறு என்று நினைத்துக் கூட்டி அள்ளிவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் கிடந்தது. அன்று நான் சாம்பல் நிறத் துணியைத் தொடவே இல்லை.

நிமிர்ந்து கூண்டைப் பார்த்தேன். குஞ்சத்தின் நெஞ்சில் 5 ரூபாய் நாணயம் அகலத்துக்கு இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது.

குஞ்சம் ஒரு காக்கட்டீல். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சின்னக் கிளி. நம் ஊர்க் கடைகளில் காக்டெயில் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் ரவிக்கை நாடாவில் தொங்கவிடும் குஞ்சம்போல் ஒரு கொண்டை. 2021-இல் மகள் அடம்பிடித்து வாங்கியது. அவள் முதலில் கேட்டது பச்சைக்கிளி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்று சொல்லிச் சொல்லி இதற்கு இறங்கிவந்தோம். இரண்டே ஆண்டில் அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். கிளி என் தையல் அறைக்குக் குடிவந்தது.

நான் இருப்பது நாமக்கல். இங்கே கோழிக்கும் பஞ்சமில்லை, கோழி வைத்தியம் சொல்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. பண்ணையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "கொத்துகிற கோழிக்கு நாங்கள் மூக்கு வெட்டிவிடுவோம் அக்கா, இதற்கும் நுனியை எடுத்துவிடலாமா?" என்றான். கோழி கொத்துவது அடுத்த கோழியை. இது தன்னையே பிடுங்கிக்கொள்கிறது. அதோடு கிளிக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. கூண்டுக் கம்பியில் ஏறுவதே அதைக் கொண்டுதான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பறவை விற்கும் கடைக்காரர் ஒருவர் பேன் என்று சொல்லி ஒரு பொடியைக் கொடுத்தார். இரண்டு நாள் தூவியதில் கிளி தும்மியதுதான் மிச்சம்.

பிறகு தரையில் உட்கார்ந்து இறகுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருஷமாக நூல் முனையைப் பார்த்த கண் இது. தானாக உதிர்ந்த இறகின் அடிக்குச்சி வழுவழுப்பாக முடிந்திருக்கும். இவற்றில் பாதி, பல்லால் கடித்து அறுத்த நூல்போல் நைந்திருந்தன. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நெஞ்சு, இறக்கையின் உட்பக்கம் எல்லாம் பறிபோயிருந்தும் தலையில் ஓர் இறகுகூடக் குறையவில்லை. அலகுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் நிறுத்துப் பார்த்தார், 84 கிராம். தலையும் சேர்ந்து வழுக்கையாகியிருந்தால் கிருமித் தொற்றையோ கூடவே இருக்கும் இன்னொரு பறவையையோ சந்தேகப்பட்டிருப்பேன் என்றார். எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியாலும் காக்கட்டீலுக்கு அரிப்பு வருமாம். அதுவும் இல்லை. அதன் பிறகுதான் விசாரணை தொடங்கியது. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்? ஒரு மணிக்கு. என்ன தின்கிறது? சூரியகாந்தி விதை. திறந்துவிட்டால் நேராக எங்கே போகிறது? மேசைக்கு அடியில் இருக்கும் வெட்டுத்துணிக் கூடைக்குள். ஒவ்வொரு பதிலுக்கும் என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

பகல் நீண்டு, இருட்டாக ஒரு பொந்தும் கிடைத்தால், குஞ்சு பொரிக்கும் காலம் வந்துவிட்டது என்று அதன் உடம்பு நினைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். துணை இல்லை, போதிய தூக்கமும் இல்லை. அந்தத் தவிப்பை இறகின் மேல் காட்டுகிறது. "மருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் டாக்டர்" என்றேன். "விளக்கை அணையுங்கள் அம்மா" என்றார்.

தீபாவளிக்கு இன்னும் 43 ரவிக்கை பாக்கி இருந்தது. விளக்கை அணைக்கவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன்: மகளின் பழைய காலுறையை வெட்டி, இறக்கைக்கு இரண்டு துளை விட்டு, ஓரம் மடித்துக் கையால் தைத்து, குஞ்சத்துக்கு ஒரு ரவிக்கை. நான் தைத்ததிலேயே மிகச் சின்னது. போட்டுவிட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் கிடந்தது. பிறகு எழுந்து பின்னோக்கி நடந்தது. அடுத்த நாள் மாலைக்குள் ஓரத் தையல் முழுவதையும் பிரித்துவிட்டது. என் தையலை அவ்வளவு சுத்தமாகப் பிரித்த ஆள் வேறு யாருமில்லை. ஆனால் தொங்கிய நூல் கால்விரலில் சுற்றியிருந்ததைப் பார்த்ததும் குலை நடுங்கிவிட்டது. இறுகியிருந்தால் விரலே போயிருக்கும். கத்தரித்து எடுத்துக் கடாசினேன்.

அந்த வாரமே புதிதாக முளைத்த ஓர் இறகைக் கடித்துவிட்டது. முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். நெஞ்சில் சொட்டியது. சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்தேன். விரலுக்கு அடியில் அதன் இதயம் இயந்திரம்போல் ஓடியது. ரத்தம் நின்றது. அன்று மாலை 7 மணிக்குக் கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, மேலே பருத்திப் போர்வையை மூடினேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக மாறியது. வெட்டுத்துணிக் கூடை பரண் ஏறியது. சூரியகாந்தி விதை தினம் நான்கைந்து என்று குறைந்து, முருங்கைக்கீரையும் துருவிய கேரட்டும் தட்டுக்கு வந்தன. கீரையை ஒரு மாதம் மிதித்துத் துவைத்த பிறகே தின்னத் தொடங்கியது. இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற குப்பி மாதிரி புதிதாக ஒன்று வாங்கினேன். காலையில் அதில் புகைபோலத் தெளித்தால் இறக்கையை விரித்துத் தலைகீழாகத் தொங்கும். தீர்ந்த நூல் கண்டின் காகிதக் கோனுக்குள் விதையைத் திணித்து ஓலையால் அடைத்துக் கொடுத்தேன். அதைப் பிரித்து மேய அரை நாள் ஆகும். கொல்லிமலையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் தினைக் கதிர் கொண்டுவந்து தந்தார். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டியவள் வள்ளி. நான் கதிரைக் கட்டித் தொங்கவிட்டு, வந்து தின்னச் சொல்லிக் கெஞ்சினேன்.

என் பெரிய தப்பைப் பிடித்தது மகள். வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, அது இறகைப் பிடுங்கும்போதுதான் நீ எழுந்து ஓடுகிறாய். சும்மா இருக்கும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை" என்றாள். உண்மைதான். "விடு! விடு!" என்று நான் கத்துவதே அதற்குக் கொஞ்சலாக இருந்திருக்கிறது. அதன் பிறகு, பிடுங்கும் சத்தம் கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதியை மிதித்தேன். அது காகிதத்தைக் கிழிக்கும்போது போய்ப் பேசினேன். என் மகளுக்கும் சின்ன வயதில் இப்படித்தான் செய்தேனோ என்று ஒருநாள் கேட்டேன். அவள் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாள்.

பொங்கல் வாக்கில் நெஞ்சில் வெள்ளை வெள்ளையாகக் குச்சிகள் எட்டிப் பார்த்தன, உறை போட்ட ஊசிகள்போல. உறை உதிர்ந்து உள்ளிருந்து சாம்பல் இறகு விரிந்தது. இடது இறக்கையின் அடியில் ஓரிடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. திரும்பத் திரும்பப் பிடுங்கியதில் வேர்க்குழி கெட்டிருக்கலாம், அங்கே முளைக்காமலே போகலாம் என்கிறார் டாக்டர். நகரப் பேருந்தின் ஹாரன் நீளமாக ஒலித்தால் இன்றும் இரண்டு இறகு போகும்.

2024 தீபாவளிக்கு 26 ரவிக்கைதான் எடுத்தேன். இரவு எட்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கொக்கி பிய்ந்துவிட்டது என்று வந்தார். அவரை உள்ளே கூப்பிடவில்லை. திண்ணை விளக்கடியில் உட்கார வைத்து, கையாலேயே தைத்துக் கொடுத்தேன். "இயந்திரம் ரிப்பேரா அக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். மெதுவாகப் பேசுங்கள் என்று சைகை காட்டினேன்.