பெலெலியு பக்கங்கள்: வாசிப்புக் குறிப்புகள்

மார்ச் 4
யூஜின் ஸ்லெட்ஜின் 'வித் தி ஓல்ட் பிரீட்' (1981) இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தைப் பற்றிய அவரது நினைவுக் குறிப்பு. படித்தவர்களில் பலர் சொல்லும் குறை, போர் எந்தப் பக்கம் போகிறதென்றே பிடிபடவில்லை என்பது. உண்மைதான். அவர் அமெரிக்க மரைன் படையில் (கடல்வழி இறங்கித் தாக்கும் படை) மோர்ட்டார் ஆள், அதாவது குண்டை மேலே வளைத்து எறியும் சிறு பீரங்கியை இயக்குபவர். எதிரே இருக்கும் பாறை தெரியும், அதற்கு அந்தப் பக்கம் தெரியாது. சண்டை நடந்த பசிபிக் தீவான பெலெலியுவின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்துக்கொள்ளுங்கள். தென்மேற்குக் கடற்கரை, விமானத்தளம், வடக்கே உமுர்ப்ரோகல் குன்றுகள். இந்த மூன்றும் மனதில் நின்றால் போதும்.

மார்ச் 6
தண்ணீர் வரும் பக்கங்கள். 1944 செப்டம்பர் 15 அன்று மரைன்கள் பெலெலியுவில் தரையிறங்குகிறார்கள். வெயில் 46 டிகிரி வரை ஏறுகிறது. ஆளுக்கு இரண்டு குடுவை, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். பிறகு வந்ததோ எண்ணெய் பீப்பாயில்! சரியாகக் கழுவாத பீப்பாய். துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக அதைக் குடித்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. தரை முழுக்கப் பவளப்பாறை, மண்வெட்டி இறங்காது. குண்டு விழுந்தால் இரும்புச் சில்லோடு கல் சில்லும் சேர்ந்து பறக்கும். சில நாளில் முடிந்துவிடும் என்றார் அவர்களுடைய டிவிஷனின் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) தளபதி. நவம்பர் 27 வரை இழுத்தது.

மார்ச் 7
60 மி.மீ. மோர்ட்டார்: குழாய், தாங்குகால், அடித்தட்டு எல்லாம் சேர்த்து 19 கிலோ. குண்டு ஒன்று ஏறத்தாழ 1.3 கிலோ. கிட்டத்தில் விழ வேண்டுமானால் வால் சிறகில் செருகிய, குண்டை உந்தும் வெடிமருந்துப் பொட்டலங்களில் சிலவற்றைக் கழற்றிவிடுவார்கள். பொட்டலம் நனைந்தால் மருந்து சீராக எரியாது. குண்டு பாதியிலேயே விழும், சொந்த ஆட்கள் தலையில். அடுத்த சண்டை நடக்கும் ஜப்பானியத் தீவான ஒகினாவாவின் மழை அத்தியாயத்தைத் தொடுமுன் இது தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 11
ராபர்ட் லெக்கியின் 'ஹெல்மெட் ஃபார் மை பில்லோ' (1957). இவரும் ஸ்லெட்ஜ் இருந்த அதே டிவிஷன். நடை அழகு என்று கொண்டாடுகிறார்கள். அழகுதான், போருக்கு முன்பே பத்திரிகைக்கு எழுதியவர். எனக்கென்னவோ சில இடங்களில் அந்த அழகே திரை போடுகிறது. ஸ்லெட்ஜிடம் இருந்தது சட்டைப்பை பைபிளில் ஒளித்துவைத்த குறிப்புகள் மட்டும்.

மார்ச் 12
வாசகர்கள் சண்டை போடும் இடம் தங்கப்பல். இறந்த ஜப்பானியரின் வாயிலிருந்து பிடுங்குகிறார்கள். ஸ்லெட்ஜும் ஒருமுறை குனிகிறார். கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி மருத்துவ உதவியாளர் தடுத்துவிடுகிறார். இதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அவருடைய கம்பெனியிலிருந்து (டிவிஷனுக்குள் ஒரு சிறு படைக்குழு) சுமார் 235 பேர் பெலெலியுவுக்குப் போனார்கள், காயமில்லாமல் மீண்டவர்கள் 85.

மார்ச் 15
மறுபக்கத்துக்கு ஓகா ஷோஹெய் எழுதிய 'ஃபுர்யோகி' (ஆங்கிலத்தில் 'டேக்கன் கேப்டிவ்'). ஓகா, பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் மலேரியாவோடு தனியே கிடந்து 1945 ஜனவரியில் பிடிபட்ட ஜப்பானியச் சிப்பாய். எதிரே ஓர் அமெரிக்கன் வருகிறான், இவர் சுடவில்லை. ஏன் என்று பக்கம் பக்கமாகத் தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறார். இரக்கம் என்று சொல்லி நழுவவும் தன்னை விடவில்லை. ஸ்லெட்ஜை முடித்த கையோடு இதை எடுங்கள், லெக்கி பிறகு ஆகட்டும்.