எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் வேறெங்கிருந்தோ வந்தவர்கள்

கல்லூரி ஆசிரியர் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஒரே பாதைதான் தெரியும். எம்.ஏ., நெட் என்கிற தகுதித் தேர்வு, பிஎச்.டி., அப்புறம் வேலை. ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை அதையே நடத்துகிறவர். தென்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்துகிறேன், எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, என்னோடு வேலை பார்க்கிற பலருக்கும் ஒத்துவராது. வேதியியல் துறை நண்பர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருந்தவர். ஆங்கிலத் துறையில் ஒரு மேடம் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்துகொண்டிருந்தார், இரவெல்லாம் காதில் ஹெட்போனோடு அமெரிக்க டாக்டர்கள் பேசிவைத்ததைத் தட்டச்சு செய்கிற வேலை. தமிழ்த் துறையில் ஒருவர் நாளிதழில் பிழைதிருத்துநர். நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இவர்களெல்லாம் எதை ஆராய்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்துவிட்டேன். படித்த பட்டத்திலிருந்து கிளம்பிய ஆய்வைவிட, முன்னால் பார்த்த வேலையிலிருந்து கிளம்பிய ஆய்வுதான் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த முன்னால் பார்த்த வேலையைத்தான் எல்லோரும் பயோடேட்டாவில் விட்டுவிடுகிறார்கள். விடச்சொல்லிப் பழக்கியிருக்கிறோம். எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

வேதியியல் நண்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவிட்டது, அதில் வேலை போனவர்களில் அவரும் ஒருவர். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் விட்டதும், பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் வந்து தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்ததும் பெரிய கதை. அவர் அந்தக் கதையில் பட்டறைப் பக்கம் நின்றவர். ஊருக்கு வந்து, கையில் இருந்த எம்.எஸ்சி.யை வைத்து எம்.ஃபில். சேர்ந்து, பிறகு பகுதிநேரமாகப் பிஎச்.டி. முடித்து ஆசிரியரானார்.

அவருடைய ஆய்வு, சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை எடுப்பது. தமிழ்நாட்டு வேதியியல் துறைகளில் இது ரொம்பப் புழங்குகிற தலைப்பு. பனங்கொட்டை ஓடு, வேப்பம்பட்டை, நிலக்கடலைத் தோல் என்று கையில் கிடைப்பதைக் கரியாக்கி, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தி, மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரில் போட்டு ஷேக்கரில் ஆட்டி, எவ்வளவு நிறம் குறைந்தது என்று அளப்பார்கள். நீலம் வெளிறி வெளிறித் தெளிந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், பேப்பரும் வந்துவிடும். இவர் அதோடு விடமாட்டார். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒற்றைச் சாயத்தைக் கலப்பதே பொய்யான தண்ணீர் என்பார். பட்டறைத் தொட்டியில் பருத்திக்கு ஏறுவது ரியாக்டிவ் சாயம், அது நூலில் ஏற உப்பு வேண்டும், ஏறியது பிடிக்கச் சோடா ஆஷ் வேண்டும், பிடிக்காமல் உடைந்துபோன சாயம் ஒரு பங்கு அலசலில் வெளியே வரும். இத்தனையும் சேர்ந்ததுதான் கழிவு. அதனால் மாணவர்களை முதலில் ஒரு துண்டு பனியன் துணிக்குச் சாயம் போட வைக்கிறார். துணியை அலசிய தண்ணீர்தான் அவர்களுக்குச் சோதனைப் பொருள்.

ஒருநாள் அவருடைய லேபில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் கரியைப் போட்டு ஆட்டி வடிகட்டி, தெளிந்த தண்ணீரைக் குடுவையில் தூக்கிக் காட்டினாள். முகமெல்லாம் சந்தோஷம். இவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை அவள் கையில் கொடுத்தார். அதைத் தண்ணீரில் வைத்தால், கரி போடுவதற்கு முன்னால் என்ன எண் காட்டியதோ கிட்டத்தட்ட அதே எண். "நிறம்தாம்மா போயிருக்கு, உப்பு எங்க போச்சு? வயலைக் கெடுத்தது நிறமா, உப்பா?" என்று கேட்டார். அந்தப் பெண் இப்போது உப்பை மீட்டெடுப்பது பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லாமல் இல்லை, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டுக்கு சவ்வு வழியாகப் பிரிப்பதும், மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக எடுப்பதும் இன்று திருப்பூரில் நடக்கிற காரியங்கள்தான். ஆனால் முதலாமாண்டு எம்.எஸ்சி. வகுப்பில் அந்தக் கேள்வி அவர் வாயில் இயல்பாக வந்ததற்குக் காரணம், அவர் அந்த மீட்டரைச் சம்பளத்துக்குப் பிடித்தவர் என்பதுதான்.

என் விஷயமும் இப்படித்தான். சங்கத்தில் எனக்கு நகைக்கடன் கவுண்டர். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து எடை சொல்ல, நான் பேரேட்டில் எழுதுவேன். 'தாலிச் சங்கிலி ஒன்று, ஒரு பக்கம் பற்றவைத்தது, கொக்கி மாற்றியது' என்று அடையாளம் எழுத வேண்டும். கொஞ்ச நாளில் எழுதும்போதே தெரியும், இது போன பருவத்தில் வந்த அதே சங்கிலி என்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு தடவை வரும். பிசான நெல் சாகுபடிக்கு நாற்று விடும்போது வரும். மாசி பங்குனியில் நெல் விற்ற காசில் மீட்டுக்கொண்டு போவார்கள், ஒரு கல்யாணத்துக்குக் கழுத்தில் கிடக்கும், திரும்ப வந்துவிடும். சில சமயம் புருஷன் பேரில், சில சமயம் பெண்டாட்டி பேரில், ஒருமுறை மாமியார் பேரில்.

பிறகு எம்.ஃபில். வகுப்பில் தங்கம் முடங்கிக் கிடக்கிற சேமிப்பு என்று படித்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் பார்த்த சங்கிலி ஒருநாளும் முடங்கிக் கிடந்ததில்லை. அந்த வீட்டின் நடைமுறை மூலதனமே அதுதான். அங்கிருந்துதான் என் பிஎச்.டி. தலைப்பு வந்தது. சங்கத்தின் அனுமதி வாங்கி, பெயர்களை மறைத்து, கடன் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காமல் நகையின் அடையாளத்தை வைத்துப் பேரேட்டைப் படித்தேன். எண்ணிக்கையில் மூன்று பேர் வாங்கிய மூன்று கடன். அடையாளத்தில் ஒரே சங்கிலி, ஒரே அடுப்பு. தரவு என்று ஒரு எக்செல் கோப்பு மட்டும் கைக்கு வந்திருந்தால் யாருக்கும் இது தெரிய வழியில்லை. பேரேட்டில் அந்த 'பற்றவைத்தது' என்ற குறிப்பு எதற்காக எழுதப்படுகிறது என்று எழுதினவனுக்குத்தான் தெரியும்.

2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சமயம் இதையெல்லாம் வகுப்பில் பேசினேன். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அப்போது அதுதான் பேச்சு. யாருக்குத் தள்ளுபடி வரும், ஒரு குடும்பத்துக்கு எத்தனை, ஏன் அந்தக் கணக்கு என்று என்னைவிட அவர்களே நன்றாகச் சொன்னார்கள். பொதுநிதி என்ற பாடம் அந்த வருடம் நடந்தமாதிரி வேறு எந்த வருடமும் நடக்கவில்லை.

ஆங்கிலத் துறை மேடம் நோயாளி சொல்வது மருத்துவமனைக் காகிதத்தில் ஏறும்போது என்னவெல்லாம் உதிர்ந்துபோகிறது என்று பார்க்கிறார். பிழைதிருத்துநராக இருந்தவர் கதைப்பாடல் அச்சுப் பதிப்புகளை ஏடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு பக்கத்தை அவர் கண் ஓட்டுகிற வேகம் எங்கள் யாருக்கும் வராது.

இதொன்றும் புதிதல்ல, அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவம் நடத்தியவர், நடுவில் திருவிதாங்கூர் அரசில் வருவாய்த் துறை வேலையும் பார்த்தவர். 1891இல் நாடகம் வெளியிட்டார், கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூர் பழைய அரசர்களைப் பற்றி எழுதினார், ஞானசம்பந்தரின் காலம் எது என்று ஆராய்ந்தார். இன்று இருந்தால் உங்கள் ஸ்பெஷலைசேஷன் என்ன என்ற கேள்விக்கு அவர் எதைச் சொல்வார்? தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் சட்டம் படித்து வழக்கறிஞரானவர், சென்னை மாநகராட்சியில் உறுப்பினர், 1944இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனார், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். மு. வரதராசனார் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலை பார்த்தவர். வையாபுரிப் பிள்ளை வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக வந்தார். ஒவ்வொரு நூலின் காலத்தையும் அவர் கேள்வி கேட்கிற விதத்தைப் பாருங்கள், சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதுபோலவே இருக்கும். அவருடைய கால முடிவுகளோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும். அந்தக் கேள்வி கேட்கிற பழக்கத்தில் பழைய தொழிலுக்குப் பங்கு இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நா. வானமாமலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் பக்கத்துக்காரனாக எனக்கு நியாயமில்லை. பாளையங்கோட்டையில் டுட்டோரியல் நடத்திக்கொண்டு, பல்கலைக்கழகப் பதவிக்கு வெளியே இருந்தபடி 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர். அதில் கட்டுரை படித்து வளர்ந்தவர்கள் பின்னாளில் தமிழகத்து நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கே முதுகெலும்பாக நின்றார்கள். 'ஆராய்ச்சி' இதழும் அவர் நடத்தியதுதான். இன்றைய விதிப்படி அவரிடம் ஒரு ஆய்வு மாணவரைப் பதிவு செய்ய முடியாது.

சரி, விதிக்கு வருவோம். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர்களுக்கு வெளியிட்ட அறிவிப்பில் கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 15. நல்லதுதான், பாடம் நடத்திய அனுபவம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சாயப்பட்டறை லேபில் கழித்த வருடங்களுக்கு மதிப்பெண் பூஜ்யம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் தொழில்துறை ஆட்களைப் பிஎச்.டி. இல்லாமலே பேராசிரியராக எடுக்கலாம் என்று ஒரு வழி திறந்தது. அதற்குக் குறைந்தது 15 வருட அனுபவம், அதுவும் உயர் பதவியில். பெரிய கம்பெனி மேலாளருக்கு அந்தக் கதவு திறக்கும், ஷிஃப்ட் கெமிஸ்ட்டுக்கும் சங்க எழுத்தருக்கும் திறக்காது. வேலைக்கு வந்தபிறகு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்குமேல் கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் அமைப்புக்கான கோப்புகள், தேர்வுப் பணி. மிச்ச நேரத்தில் எதை ஆராய்வது என்று முடிவு செய்கிறபோது, மனதில் கிடக்கிற கேள்வியை எடுப்பதா, சீக்கிரம் பேப்பராகிப் பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்கிற தலைப்பை எடுப்பதா என்று ஒரு இழுபறி வரும். புள்ளிதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. அதில் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வீட்டுக் கடன் எல்லோருக்கும் இருக்கிறது.

இன்றைக்குப் பலவிதமான வேலை பார்க்கிறவர்கள் யார் என்றால் கௌரவ விரிவுரையாளர்களும் நிர்வாகம் சம்பளம் கொடுக்கிற சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும்தான். விருப்பப்பட்டு இல்லை, வயிற்றுக்காக. காலையில் கல்லூரி, மாலையில் டியூஷன், சனி ஞாயிறு போட்டித் தேர்வு வகுப்பு. யு.ஜி.சி. 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று வழிகாட்டியது. அந்தத் தொகையைக் கையில் வாங்கியவர் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

அப்படி ஒருவர் எங்கள் வரலாற்றுத் துறையில் இருக்கிறார். படிக்கிற காலத்தில் விடுமுறைக்கு விடுமுறை மினி பஸ்ஸில் கண்டக்டராகப் போனவர். தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் 1997இல் வந்தது. பஸ்ஸே போகாத ஊர்களுக்கு அது போனபிறகு அந்த ஊர்களிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்தார்கள், முதல் டிரிப் எத்தனை மணிக்கு வைத்தால் வந்தார்கள், எப்போது வைத்தால் நின்றார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. முதலாளிகளிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய டிரிப் ஷீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கரையான் அரித்தது பாதி, டீசல் கறை பட்டது பாதி. பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டோடு அதை வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து இவ்வளவு நல்ல ஆய்வுக் கேள்வியை ஒரு செமினாரிலும் கேட்டதில்லை. ஆனால் பிஎச்.டி. பதிவுக்குப் போன இடத்தில், இது வரலாறா சமூகவியலா என்று கேட்டுத் தலைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு சமஸ்தானத்தின் நிர்வாக முறை என்று வேறு தலைப்பில் பதிவு செய்துகொண்டார். வேலைக்குப் பட்டம் வேண்டுமே.

டிரிப் ஷீட்டை மட்டும் தூக்கிப் போட விடவில்லை. எங்கள் துறைப் பிள்ளைகள் இறுதியாண்டில் கள ஆய்வு செய்தாக வேண்டும், அதில் அவருடைய ஊர்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள், வழிகாட்டி என்ற இடத்தில் என் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. நூலகர் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து தர ஒத்துக்கொண்டார். கல்லூரி ஆண்டு மலரில் ஆசிரியர் பட்டியலில் பட்டங்களுக்குப் பக்கத்தில் முன்பு பார்த்த வேலையையும் போடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். முதல்வர் சரி என்றுவிட்டார். வேதியியல் நண்பர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்பெனி பெயர் வேண்டாம், வேலையை மட்டும் போடுங்கள் சார் என்றார். மினி பஸ்காரர் இன்னும் கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.